முடிவைச் சொல்லிவிடாதீர்கள்

வானிலை நிலையக் குடியிருப்பு
ஜூன் 3

வணக்கம்.

இங்கே வந்து சேர்ந்து பதினெட்டு நாள் ஆகிறது. அன்றே ஒரு வரி போட்டிருக்கலாம். கை வரவில்லை. இப்போதும் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நான்கு தடவை போன் செய்தீர்கள். இனிமேல் செய்யாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் அப்பா போன அந்தக் காலைதான் ஞாபகம் வருகிறது. அப்புறம் அன்று முழுக்க வேலை ஓடுவதில்லை. வேண்டுமானால் கடிதம் எழுதுங்கள். அதிலும் வீட்டு விஷயம் வேண்டாம், உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்ற விசாரிப்பு வேண்டாம், மன்னிப்பு வேண்டவே வேண்டாம். படம் பார்த்தால் அதைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

ஏன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். கல்யாணமான பதினோரு வருஷத்தில் நீங்கள் வாய் ஓயாமல் பேசியதெல்லாம் தியேட்டரிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் அந்த இருபது நிமிஷத்தில்தான். "லிப்ட் ரிப்பேர் பண்றவருக்கு வாய் ரிப்பேராடீ?" என்று அக்கா என்னைக் கேலி செய்வாள். அவள் அந்த இருபது நிமிஷத்தைப் பார்த்ததில்லை. மேம்பாலத்துக்குக் கீழே நின்று கைகளை ஆட்டி ஆட்டி, இந்த இடத்தில் கேமரா இப்படி வந்திருக்க வேண்டும் என்று சொல்வீர்கள். வீட்டுப் பூட்டைத் திறந்ததும் பேச்சு நின்றுவிடும். பூட்டுக்கும் உங்கள் வாய்க்கும் ஏதோ ஒப்பந்தம்.

அந்தப் பேச்சு இங்கே இல்லை. அது மட்டும்தான் இல்லை என்று சொல்ல வந்தேன்.

இந்த ஊரில் ஒரே ஒரு தியேட்டர். நகரத்தில் வந்த படம் இங்கே இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வரும். அதனால் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.


வீடு
ஜூன் 11

மழைக்காரிக்கு,

இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. குடியிருப்பில் எல்லோரும் உன்னை இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். துணி காயப்போடும்முன் மழை வருமா என்று யாரிடம் கேட்பது என்று மேல் வீட்டு அம்மா நேற்றுக்கூட என்னிடம் புலம்பினார். மன்னிக்கவும், இது வீட்டு விஷயம். இந்த வரியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்.

ஞாயிறு மாலைக் காட்சிக்குப் போனேன். கப்பலில் சமையல்காரனாகப் போனவன் ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வருகிற கதை. முதல் அரை மணி நேரம் இழுவை. கடலைக் காட்டுகிறார்கள், காட்டுகிறார்கள், மறுபடியும் கடலையே காட்டுகிறார்கள். பாட்டு இரண்டும் தேவையில்லை. ஆனால் மனைவியாக வரும் புதுப் பெண் நன்றாகச் செய்திருக்கிறாள். சாப்பிடுகிற காட்சியில் நிஜமாகவே சாப்பிடுகிறாள். மற்ற நடிகைகள் தட்டில் கோலம் போடுவார்கள். இவள் பசியோடு அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மென்றுகொண்டே வசனம் பேசுகிறாள். அவன் வாசலில் வந்து நிற்கிற இடத்தில் இவள் என்ன செய்கிறாள் என்று நீயே பார்.

லிப்ட் காட்சி கிடையாது. நிம்மதி.

எழுதினால் இவ்வளவுதான் வருகிறது. நடக்கும்போது நிறைய வரும்.


வானிலை நிலையக் குடியிருப்பு
ஜூன் 24

லிப்ட்காரருக்கு,

சமையல்காரன் படம் இங்கே வந்தது. குடியிருப்பில் எனக்கு அறை கொடுத்திருக்கும் வீட்டுக்கார அம்மா துணைக்கு வந்தார். அறுபது வயதுக்கு மேலே. படம் முழுக்கத் திரையோடு பேசிக்கொண்டே இருந்தார். "ஏன்டா, ஒம்போது வருஷத்துல ஒரு லெட்டர் போட முடியாதா ஒனக்கு?" என்று அவர் கேட்டதும் முன் வரிசையில் இருந்தவர் திரும்பி, "அதானே?" என்றார். அதற்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள்.

அந்தப் பெண் சாப்பிடுவதைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. ஆனால் மழைக் காட்சியை எப்படி விட்டீர்கள்? கொட்டுகிற மழையில் அவன் நிற்கிறான், காலடியில் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது. பின்னால் பளீரென்று வெயில். எந்த மேகத்திலிருந்து இந்த மழை பெய்கிறது? தண்ணீர் லாரியிலிருந்து பெய்கிறது. இங்கே தினமும் காலை எட்டரைக்கு மழைமானியில் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதுகிற எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

அவன் வாசலில் வந்து நின்றதும் அவள் எதுவும் கேட்காமல் தட்டில் பாதியை அவன் பக்கம் நகர்த்துகிறாள். நான் அழவில்லை. வீட்டுக்கார அம்மா அழுதுவிட்டு என்னைப் பார்த்து, "கல் மனசும்மா ஒனக்கு" என்றார்.

திரும்பி வரும் வழியில் அவர் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் ம் போட்டுக்கொண்டு வந்தேன். என் இடது பக்கம் காலியாக இருந்தது. நீங்கள் எப்போதும் அந்தப் பக்கம்தான் நடப்பீர்கள்.


வீடு
ஜூலை 2

மழைக்காரிக்கு,

உன் கடிதத்தின் கடைசி நாலு வரியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். முந்தாநாள் ஒரு இயந்திர அறையில் கிரீஸ் பட்டுவிட்டது. எழுத்து போகவில்லை.

இந்த வாரம் நகைச்சுவைப் படம். என்னோடு வேலை பார்க்கும் வெல்டர் அண்ணன்தான் இழுத்துக்கொண்டு போனார். சண்டை இல்லாத படத்துக்கு அவர் வருவது அதிசயம். நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கு மாப்பிள்ளையின் கடை தீப்பிடித்து எரிந்துவிடுகிறது. அவனுக்குத் தெரியாமல் தாலி கட்டும்வரை மறைக்க வேண்டும் என்று ஐந்து நண்பர்கள் படும் பாடுதான் கதை. டிவியை உடைக்கிறார்கள், பேப்பரைக் கிழிக்கிறார்கள், சேதி சொல்ல வந்தவனைக் குளியலறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். தியேட்டரே உருண்டு சிரித்தது. அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. இடைவேளைவரை நானும் சிரித்தேன்.

இடைவேளைக்குப் பிறகு நடப்பதை எழுத வரவில்லை. நீ பார்.


வானிலை நிலையக் குடியிருப்பு
ஜூலை 13

பார்த்தேன். இடைவேளையோடு எழுந்து வந்துவிட்டேன்.

இடைவேளைவரை சிரித்தீர்களா? அவ்வளவு நேரம் உங்களால் சிரிக்க முடிந்ததா?

நான் ஞாபகப்படுத்துகிறேன். மார்ச் மாதம். துறைத் தேர்வு. காலை ஆறு மணிக்கு ஊரிலிருந்து என் அண்ணன் போன் செய்து, "அப்பாவுக்கு ரொம்ப முடியல, அவள உடனே கெளம்பச் சொல்லுங்க" என்றான். நான் குளித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போனை வைத்துவிட்டு, அதன் ஒயரையும் பிடுங்கி வைத்தீர்கள். நான் தலை துவட்டிக்கொண்டு வந்து, "யாரு போன்ல?" என்று கேட்டேன். "ராங் நம்பர்" என்றீர்கள். பதினோரு வருஷத்தில் நீங்கள் என்னிடம் சொன்ன ஒரே பொய், அதையும் எவ்வளவு சுலபமாகச் சொன்னீர்கள்.

ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரைவரை எழுதினேன். பதினொன்று நாற்பதுக்கு அப்பா போய்விட்டார். அந்த நேரத்தில் நான் காற்றழுத்தத் தாழ்வைப் பற்றிய கேள்விக்குப் படம் போட்டு அம்புக்குறி வரைந்துகொண்டிருந்தேன். நன்றாக எழுதிவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். நீங்கள் ஜூஸ் வாங்கிக் கொடுத்தீர்கள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னீர்கள்.

எல்லோரும் உங்களைத்தான் நல்லவர் என்றார்கள். "பாவம், அவளுக்காகத்தானே செஞ்சார்." அந்தத் தேர்வில் முதலாவதாக வந்தேன். பதவி உயர்வு கொடுத்து இந்த ஊருக்கு அனுப்பினார்கள். தினமும் காலையில் காற்றழுத்தமானியைப் பார்க்கும்போது எனக்கு என்ன ஞாபகம் வரும் என்று நினைக்கிறீர்கள்?

படத்தைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று நான்தான் சொன்னேன். நான்தான் மீறுகிறேன். போகட்டும்.


வீடு
ஆகஸ்ட் 9

மழைக்காரிக்கு,

தாமதத்துக்கு வேலைதான் காரணம்.

புதுச் சண்டைப் படம் வந்திருக்கிறது. அருமை. முதல் சண்டை மீன் சந்தையில். ஹீரோ ஒற்றைக் கையால் பதினோரு பேரைத் தூக்கி எறிகிறான். ஒவ்வொரு அடியும் இடி மாதிரி. இரண்டாவது சண்டை ஓடுகிற லாரியின் மேல், மூன்றாவது தண்ணீருக்குள். மூன்றாவதுதான் உச்சம். வில்லன் ஆள் மலை மாதிரி இருக்கிறான். கதாநாயகி வந்தாள், போனாள். கட்டாயம் பார்க்க வேண்டிய படம்.

வேறு ஒன்றும் இல்லை.


வானிலை நிலையக் குடியிருப்பு
ஆகஸ்ட் 21

லிப்ட்காரருக்கு,

நான் கோபமாக எழுதினேன், அதற்கு ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு வந்தது இந்தக் கடிதம். பத்து வரி, அதில் மூன்று சண்டை. எழுத்தும் உங்கள் எழுத்து மாதிரி நேராக இல்லை, சரிந்து சரிந்து போகிறது. மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதியது போல.

கடமைக்கு எழுதுகிறார் என்று நினைத்து மடித்து வைத்துவிட்டேன். நேற்று அந்தப் படம் இங்கே வந்தது. போனேன்.

மீன் சந்தை, லாரி, தண்ணீர், எல்லாம் நீங்கள் எழுதியபடியே இருந்தது. ஆனால் லாரிக்கும் தண்ணீருக்கும் நடுவே பத்து நிமிஷம் ஒரு லிப்ட் காட்சி இருக்கிறது. வில்லன் பன்னிரண்டாவது மாடியில் நின்று ஒரே ஒரு கயிற்றை வெட்டுகிறான். லிப்ட் கல் மாதிரி விழுகிறது. உள்ளே இருக்கும் ஹீரோ அது தரை தொடும் நொடியில் குதித்துத் தப்பிக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று தெரியும். த்சு த்சு என்பீர்கள். "ஒரு கயிறா? அஞ்சு கயிறு இருக்கும்மா. அஞ்சும் அறுந்தாலும் அடியில இருக்கற பிரேக் தாடை ரெண்டு பக்கத் தண்டவாளத்தக் கவ்விக்கும், எப்படி விழும்?" என்று வீடு வரைக்கும் விளக்கி, மறுநாள் பல் தேய்க்கும்போதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவீர்கள்.

அந்தக் காட்சியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு எழுத்து இல்லை. நீங்கள் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. இது வெல்டர் அண்ணன் பார்த்த படம்.

எங்கே இருக்கிறீர்கள்? என்ன ஆயிற்று? உண்மையைச் சொல்லுங்கள். "ராங் நம்பர்" என்று எழுதினால் இதுதான் என் கடைசிக் கடிதம்.


பொது மருத்துவமனை, எலும்புப் பிரிவு
ஆகஸ்ட் 27

மழைக்காரிக்கு,

ஜூலை பதினெட்டாம் தேதி லிப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணிப் படியில் எண்ணெய் இருந்ததைப் பார்க்கவில்லை. ஆறடி உயரத்திலிருந்து விழுந்தேன். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. தகடு வைத்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து இந்தக் கட்டிலில்தான்.

வெல்டர் அண்ணன் தினமும் வருகிறார், உன் கடிதங்களையும் அவர்தான் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார். "தம்பி, நீ படுத்துக்கிட்டே இரு, படத்த நான் காட்றேன்" என்று கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நின்று மூன்று சண்டையையும் நடித்துக் காட்டினார். குளுக்கோஸ் கம்பியைத் தட்டிவிட்டார். நர்ஸ் வந்து, "இங்க ஏற்கெனவே ஒடஞ்சவங்கதான் இருக்காங்க, நீங்க வேற யாரையும் ஒடைக்காதீங்க" என்று வெளியே அனுப்பினார். லிப்ட் காட்சியைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று இன்று கேட்டேன். "அந்த அநியாயத்தப் பார்க்க மனசு வரல. எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டேன்" என்றார். அவரும் என் தொழில்தானே.

உன்னிடம் ஏன் மறைத்தேன்? சொன்னால் வந்துவிடுவாய். காலுக்காக வருவாய். கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்து மருந்து கொடுப்பாய். அப்படி வருவதை நான் விரும்பவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது, மார்ச் மாதம் செய்ததையே மறுபடியும் செய்திருக்கிறேன். நீ என்ன செய்வாய் என்று நானே யோசித்து, நானே முடிவு செய்து, உன்னிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அந்தக் காலையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். உன் அண்ணன் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வேர்த்துவிட்டது. மேஜைமேல் உன் நோட்டுகள் இருந்தன. இரண்டு வருஷம் சமையலறையில் நின்றுகொண்டே நீ படித்தது. இந்தத் தடவை விட்டால் வயது தாண்டிவிடும். மாமாவுக்கு முன்பும் இரண்டு தடவை இப்படி ஆகி எழுந்து உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தடவையும் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, சூதாடினேன். ஆட்டம் உன்னுடையது, ஆடியது நான்.

இவ்வளவு நாள் இதைச் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நியாயப்படுத்துவது போலாகிவிடும் என்ற பயம். நியாயப்படுத்தவில்லை. தவறு. அவ்வளவுதான்.


வானிலை நிலையக் குடியிருப்பு
செப்டம்பர் 5

உங்கள் கடிதத்தை மூன்று நாளில் பத்துத் தடவை படித்திருப்பேன். முதலில் அழுதேன், பிறகு உங்களைத் திட்டினேன், பிறகு வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்துவிட்டு, "ஆறடியா?" என்று மட்டும் கேட்டார்.

நானும் ஒன்று மறைத்திருக்கிறேன். அன்று காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்திருந்தாலும் மதியம் இரண்டு மணிக்குத்தான் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன். அப்பாவை உயிரோடு பார்த்திருக்க மாட்டேன். இது எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதை எழுதி நீங்கள் தப்பித்துக்கொள்ளவில்லை. அதற்காக இந்தக் கடிதம்.

ஆனால் என் கோபம் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாததற்கு இல்லை. அந்த பஸ்ஸில் நான் அழுதிருப்பேன். பக்கத்து சீட்காரர் என்னம்மா என்று கேட்டிருப்பார், எங்க அப்பாவுக்கு முடியல என்று சொல்லியிருப்பேன். அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருந்த அந்தக் கடைசி ஐந்து மணி நேரமும் நான் அவர் மகளாக இருந்திருப்பேன். அதற்குப் பதிலாக அம்புக்குறி வரைந்தேன். அந்த நேரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. உங்களால் மட்டுமில்லை, யாராலும்.

இதை எழுதியதும் மனசு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

கால் எப்படி இருக்கிறது? இனிமேல் உடம்பைப் பற்றி எழுதலாம்.


பொது மருத்துவமனை, எலும்புப் பிரிவு
செப்டம்பர் 12

மழைக்காரிக்கு,

இன்று காலை பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். இப்போது மணி பதினொன்றரை. விரைவுத் தபாலில் போட வெல்டர் அண்ணன் பக்கத்தில் நிற்கிறார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கீழே உடைந்த இடத்தில் எலும்பு இன்னும் கூடவில்லை. இருபத்தொன்றாம் தேதி மறுபடியும் அறுவை சிகிச்சை. இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைக்கப் போகிறார்கள். நடந்துவிடலாம் என்கிறார். ஏணி ஏறி இறங்குகிற வேலையை மறந்துவிடச் சொல்கிறார். "வேற என்ன வேல தெரியும் ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

பயமாக இருக்கிறது. இந்த வார்த்தையை நான் யாருக்கும் எழுதியதில்லை.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. சேதி இதுதான். வந்தவுடன் உனக்குச் சொல்லிவிட்டேன்.


வானிலை நிலையக் குடியிருப்பு
அக்டோபர் 6

லிப்ட்காரருக்கு,

நேற்று மதியம் வந்து சேர்ந்தேன். உங்கள் அறுவை சிகிச்சைக்காக எடுத்த இரண்டு வார விடுப்பில் குவிந்த வேலை தலைக்குமேல் இருக்கிறது. நான் இல்லாதபோது மழைமானியில் ஒரு தவளை குடிவந்திருக்கிறது. அதை யாரும் அளக்கவில்லை.

ஊன்றுகோலை இடது கையில் பிடியுங்கள், வலது கையில் இல்லை. டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் மூன்று தடவை சொன்னார்.

வார்டில் நாம் பார்த்த படத்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது. அந்தச் சின்ன டிவி, மற்றவர்கள் தூங்குகிறார்கள் என்று சத்தத்தை அறவே குறைத்து வைத்திருந்தார்கள். யார் கதாநாயகன், யார் மாமனார் என்றே நமக்குத் தெரியவில்லை. மீசைக்காரர் கெட்டவர் என்றீர்கள், அவர்தான் அவளுக்கு அப்பா என்றேன் நான். ஒன்றரை மணி நேரம் கிசுகிசுத்துச் சண்டை போட்டோம். எதிர்க் கட்டில் பெரியவர் கண்ணைத் திறக்காமலே, "ரெண்டு பேரும் தப்பு. அவரு போலீசு" என்றார். நீங்கள் சிரித்ததில் தையல் வலித்து முகம் சுருங்கியது. அந்த முகத்தை நான் எழுந்து போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று நான் அப்பாவைப் பற்றிப் பேசினேன். ஒரு மணி நேரம் இருக்கும். அவர் சைக்கிளைத் துடைக்கும் விதம், என் மார்க்குகளைத் தப்புத் தப்பாக ஊரெல்லாம் சொன்னது, எல்லாம். நீங்கள் "விடும்மா" என்று சொல்லவில்லை. தண்ணீரை நீட்டிப் பேச்சை நிறுத்தவில்லை. முழுக்கக் கேட்டீர்கள். அழுது முடிக்க இடம் கொடுத்தீர்கள். எனக்கு அது வேண்டியிருந்தது.

கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. காலையில் எழுந்து பார்த்தால்தான் தெரிகிறது, வானம் மாதிரி.

இப்போது பஸ் நிலையத்தைப் பற்றி. மே மாதம் நான் கிளம்பியபோது நீங்கள் பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டீர்கள். இந்தத் தடவை ஊன்றுகோலோடு வந்து, டிரைவர் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போகாத" என்றீர்கள். பின் சீட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. கண்டக்டர்கூட விசில் ஊதாமல் ஒரு நிமிஷம் நின்றார். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் இறங்கிவிடுவேன், இறங்கினால் வேலை போய்விடும். வழி முழுக்க அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மார்ச்வரை எனக்கு இடமாற்றம் கிடையாது. நிலையப் பொறுப்பாளரிடம் இன்று காலை கேட்டுவிட்டேன். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் மருத்துவ விடுப்பு இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவின் முன் அறை காலியாக இருக்கிறது. வாசலில் இரண்டே படி. ஜன்னலைத் திறந்தால் நாங்கள் பலூன் விடுகிற மைதானம் தெரியும். அதற்கப்புறம் உங்களுக்கு என்ன வேலை என்பதை இங்கே உட்கார்ந்து இரண்டு பேருமாக யோசிக்கலாம்.

இதைக் காலுக்காகச் சொல்லவில்லை. கால் நன்றாக இருந்திருந்தாலும் இன்று இதைத்தான் எழுதியிருப்பேன். எனக்கு வேண்டும், அதனால் கேட்கிறேன்.

இந்த இடத்தில் "வாருங்கள்" என்று எழுதினேன், அடித்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. "வந்தால் மகிழ்ச்சி" என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன்.

வாங்க.